செடான் காருக்கு ஸ்டெப்னி: சின்னதா, முழுசா?

பாளையங்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அது வெறும் பஞ்சர் கடை. இப்போது புது டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பார்க்கிறோம். புதுசாக செடான் வாங்கியவர்கள் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேரே வருவதுண்டு. "அண்ணாச்சி, உள்ள கிடக்க டயரு சின்னதால்லா இருக்கு. இத எடுத்துட்டு முழு சைஸ் ஒண்ணு போட்டுருவமா?" என்பார்கள். நான் உடனே பில் புத்தகத்தை எடுப்பதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் வண்டி டயர் கிழிந்தால், அதே சைஸ் புது டயர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும்?

பலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். சொல்கிறேன். இன்றைக்கு ஓடுகிற கார்களில் இருப்பது டியூப்லெஸ். ஆணியோ உடைமுள்ளோ ஏறினால் காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். காற்றடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு உருட்டிவிடலாம். களக்காட்டிலும் திசையன்விளையிலும் பைக் பஞ்சர் பார்க்கிற பையன்கூட வீலைக் கழற்றாமலே ஸ்ட்ரிப் போட்டுத் தந்துவிடுவான். அதற்கெல்லாம் ஸ்டெப்னி தேவையே இல்லை. ஸ்டெப்னியை வெளியே எடுக்க வைப்பது பக்கச் சுவர் கிழிசல்தான். ஜல்லி லாரி சிந்திவிட்டுப் போன கூர்க்கல், பாலம் வேலைக்காக வெட்டிப்போட்ட தார்ரோட்டின் ஓரம், பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பள்ளம், இவற்றில் ஏதோ ஒன்று டயரின் பக்கத்தில் வெட்டு வைத்துவிடும். சில நேரம் ரிம்மும் சேர்ந்து நெளிந்துவிடும். பக்கச் சுவர் வெட்டை ஒட்டி ஓட்டக் கூடாது. ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் காற்றுகூடப் பிடிக்காதீர்கள். அந்த டயர் கதை முடிந்தது. புதுசு வாங்கியே ஆக வேண்டும். புதுசு கைக்கு வருகிற வரைக்கும் வண்டியைச் சுமப்பதுதான் ஸ்டெப்னியின் வேலை.

இப்போது சைஸுக்கு வருவோம். 165/80 ஆர் 14, 185/65 ஆர் 15 மாதிரியானவை டாக்சி ஓடுகிற சைஸ்கள். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று எந்த ஊர் டயர் கடைக்குப் போனாலும் அடுக்கில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கிழிந்தாலும் கடை பூட்டுமுன் மாட்டிக்கொண்டு போகலாம். உங்கள் வண்டியில் 205/55 ஆர் 16 அல்லது அதற்கு மேல் 17 அங்குலம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று பக்கத்திலும் ஒரு கம்பெனி டயர், நான்காவதுக்கு வேறு கம்பெனி, வேறு பட்டன் (ரோட்டில் படுகிற மேற்பரப்பின் வரி) என்று போட உங்களுக்கே மனசு வராது. அதே டயர் வேண்டுமென்றால் பல நேரம் மதுரையிலிருந்து வரவழைத்துத்தான் தர வேண்டியிருக்கும். நடுவில் ஞாயிறு வந்தால் இன்னொரு நாள் போய்விடும். அத்தனை நேரமும் டிக்கியில் இருந்த டயரில்தான் ஓட வேண்டும். டாக்சி சைஸ்காரருக்குச் சின்ன ஸ்டெப்னி ஒரு மணி நேரச் சங்கதி. பெரிய சைஸ்காரருக்கு அது இரண்டு மூன்று நாள் பிழைப்பு. கணக்கு இங்கேதான் மாறுகிறது.

டிக்கியில் கிடப்பது எது என்று முதலில் பாருங்கள்

வெளியே எல்லாவற்றையும் சின்ன ஸ்டெப்னி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு தனி ஜாதி.

ஒன்று, அசல் குட்டி ஸ்டெப்னி. தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒல்லியாக, எடை குறைவாக இருக்கும். பக்கச் சுவரில் சைஸுக்கு முன்னால் T என்ற ஆங்கில எழுத்து நிற்கும், T 125/70 D 16 என்கிற மாதிரி. தற்காலிகத்துக்கு மட்டும் என்பதற்கான அடையாளம் அது. பட்டன் ஆழம் குறைவு. காற்று மட்டும் மற்ற டயரைப்போல் 33 இல்லை, 60 பிஎஸ்ஐ. பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தூரமும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லித்தான் பெரும்பாலான கம்பெனிகள் எழுதுகின்றன. உங்கள் வண்டிப் புத்தகத்தில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு.

இரண்டாவது ஜாதி நம் ஊரில் அதிகம். வண்டி 16 அங்குல அலாய் வீலில் நிற்கும். டிக்கியில் 15 அங்குல இரும்பு டிஸ்க்கில், அதாவது இரும்பு வீலில், சாதாரண டயர் ஒன்று கிடக்கும். மேல் வேரியன்ட்டுக்கு அலாய் போட்டுக் கொடுத்துவிட்டு, கீழ் வேரியன்ட்டின் சக்கரத்தையே ஸ்டெப்னியாக வைத்துவிடுகிற வழக்கம். இதிலும் 80 என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஆனால் இது T டயர் இல்லை, மற்ற டயர்களைப்போல முறையான ரேடியல். காற்றும் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அட்டவணைப்படிதான். இதைப் பார்த்துப் பயந்துபோய்த் தூக்கி எறியாதீர்கள். மாற்ற வேண்டுமா என்பதை ஒரு சின்னக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம்.

185/65 ஆர் 15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் வந்துவிடும். 240.5 கூட்டல் 381, ஆக 621.5 மில்லிமீட்டர். இதே மாதிரி 205/55 ஆர் 16க்குப் போட்டால் சுமார் 632. இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. 165/80 ஆர் 14க்கு 619.6 வருகிறது, 185/65 ஆர் 15க்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இப்படி 3 சதவீதத்துக்குள் இருந்தால் நிதானமாக ஊர் போய்ச் சேரலாம், பதற்றம் வேண்டாம். அகலம் குறைவு என்பதால் மழையில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் கூடுதல் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

T 125/70 D 16ஐ அதே கணக்கில் போடுங்கள். 581தான் வரும். 632 உயரச் சக்கரம் இருந்த இடத்தில் 581ஐ மாட்டினால் 8 சதவீதம் குறைகிறது. வண்டியின் அந்த மூலை 25 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய சக்கரம் 504 சுற்று சுற்றும்போது குட்டி 548 சுற்று சுற்ற வேண்டும். பின்னால் மாட்டியிருந்தால் இதில் பெரிய கெடுதல் கிடையாது. முன்னால் மாட்டினால் சங்கடம். நம் செடான்களில் பெரும்பாலும் இன்ஜின் இழுப்பது முன் சக்கரத்தை. இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற உதவுவது டிஃபரன்ஷியல். வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய அதன் பல்சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுழன்று சூடாகும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும், பிரேக்கும் சமமாகப் பிடிக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பார்க்கிற ஈஎஸ்பி எல்லாம் சக்கரம் சுற்றுகிற கணக்கை வைத்துத்தான் வேலை செய்கின்றன. நான்கில் ஒன்று வேகமாகச் சுற்றினால் டாஷ்போர்டில் விளக்கு எரிவதும் உண்டு.

அதனால் குட்டி ஸ்டெப்னி வைத்திருப்பவர்களுக்கு முன் டயர் போனால் வேலை இரட்டிப்பு. பின் சக்கரத்தில் நல்லது ஒன்றைக் கழற்றி, அங்கே குட்டியை மாட்டி, கழற்றிய நல்லதை முன்னால் கொண்டுவர வேண்டும். ஜாக்கியை இரண்டு தடவை போட வேண்டும். வெயிலில் ரோட்டோரத்தில், வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இறங்கி நிற்கும்போது, யாரும் இதைச் செய்வதில்லை. முன்னாலேயே மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் கடை இருந்தால் பரவாயில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் அந்தச் சோம்பல் கூடாது.

முழு சைஸில் இந்த வம்பெல்லாம் கிடையாது. எந்த மூலையில் வேண்டுமானாலும் மாட்டலாம், மாட்டிவிட்டு மறந்தும் போகலாம். அதில் இன்னொரு லாபமும் உண்டு. அதே கம்பெனி, அதே பட்டன், அதே ரக வீல் என்றால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை இடம் மாற்றும்போது ஐந்தையும் சேர்த்துச் சுற்றில் விடலாம். டயர் மாற்றுகிற நாள் தள்ளிப்போகும். இல்லையென்றால் ஸ்டெப்னி ஓடாமலே கிழடாகிப்போகும். இதில் ஒரு எச்சரிக்கை: டயர் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, ஒரு திசையில்தான் சுற்ற வேண்டும் என்று இருந்தால் ஸ்டெப்னி வண்டியின் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாக வரும். ஸ்டெப்னிக்கென்று வாங்குகிறவர்கள் அந்த ரகத்தைத் தவிர்க்கலாம்.

அலாயில் போடுவதா, இரும்பு டிஸ்க்கிலா? முழு சைஸ் டயரை இரும்பு டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். விலை அலாயைவிட வெகுவாகக் குறைவு. பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் என்றால் விரிசல் விடும். பார்வைக்கு நன்றாக இல்லை என்பார்கள். இரண்டு நாளைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்?

இவை தவிர, ஸ்டெப்னியே இல்லாத வண்டிகளும் வந்துவிட்டன. டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020ல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. கிட்டில் ஒரு பாட்டில் பசையும் ஒரு சின்னக் காற்று மெஷினும் இருக்கும். பட்டன் பகுதியில் ஆணி குத்தியதற்கு அது போதும். பக்கச் சுவர் வெட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. பசைக்குக் காலாவதித் தேதியும் உண்டு. நம் பக்கத்து ரோடுகளை நம்பி அப்படி ஒரு வண்டி வாங்குகிறவர்கள் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடம் இருக்கிறதா என்று ஷோரூமிலேயே தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த ரோட்டில் ஓடுகிறீர்கள்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி, தென்காசி, திருச்செந்தூர் எதுவும் ஐம்பது அறுபது கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நாகர்கோவில் சுமார் எண்பது. 80 கிலோமீட்டர் என்ற வரம்பைப் பார்த்தால் குட்டி ஸ்டெப்னியே நம் மாவட்டத்துக்குப் போதும் போலத் தெரியும். நான்கு வழிச்சாலையில் மட்டும் போய்வருகிறவருக்கு உண்மையிலேயே போதும். கன்னியாகுமரி மதுரைச் சாலையில் டயர் போனால் ஓரமாக நிறுத்தி 1033க்கு அடிக்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது. கொஞ்ச தூரம் போனால் ஏதாவது ஊர் வந்துவிடும். இடதுபுறமாக எண்பதுக்குள் உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

தூரத்தைவிட ரோட்டின் தரமும் நேரமும்தான் தொந்தரவு. திசையன்விளை, உவரி, ராதாபுரம் பக்கம் ஊருக்குள் போகிற ரோடுகள் ஒற்றை ரோடு; எதிரே வண்டி வந்தால் ஒரு பக்கச் சக்கரம் தாரை விட்டு இறங்கியே ஆக வேண்டும். இறங்குகிற இடத்தில் தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும், அதற்குக் கீழே தேரிச் செம்மணலும் உடைமுள்ளும். 60 பிஎஸ்ஐ வைத்த ஒல்லி டயர் மணலில் இறங்கினால் புதைந்துவிடும். கல்லில் ஏறினால் ரிம்மில் நேராக இடிக்கும். ஒரு மூலை ஏற்கெனவே 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதால் ஆள் நிறைந்த வண்டி கிராமத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும். அந்தப் பக்கம் வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு முழு சைஸ்தான் என் யோசனை. நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் ஞாயிறு காலை கோயிலில் (சர்ச்சில்) ஆராதனை முடிகிற வரைக்கும் கடை திறப்பதும் சந்தேகம்.

பாபநாசத்துக்கு மேலே காரையார், சொரிமுத்து அய்யனார் கோவில் என்று போகிறவர்கள் கதையும் அதுதான். வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் புலிகள் காப்பகம். பஞ்சர் கடையை எதிர்பார்க்க முடியாது, போனிலும் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாகக் கேரளாவுக்குள் போகிறவர்களுக்கு மலை ரோட்டு வளைவுகள் உண்டு, முன்னும் பின்னும் கனரக லாரிகள் உண்டு. இறக்கத்தில் வளைவில் குட்டி டயரை நம்பிப் பிரேக் பிடிப்பது எனக்கு உவப்பான காரியம் இல்லை. சபரிமலை சீசனில் மாலை போட்டவர்கள் ஐந்து பேர், ஐந்து இருமுடி, டிக்கி நிறைய சாமான் என்று போவார்கள். அந்தப் பாரத்துக்கு அசல் குட்டி ஸ்டெப்னி வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், எங்களுக்கெல்லாம் சார்வாள், வண்டியை மகாராஜநகரிலிருந்து ஜங்ஷனுக்கும் நெல்லையப்பர் கோவிலுக்கும் தவிர வேறெங்கும் எடுப்பதில்லை. டாக்சி சைஸ் டயர்தான். டிக்கியில் ஒரு அங்குலம் சின்ன ஸ்டெப்னி. அவர் முழு சைஸ் கேட்டபோது, "சார்வாள், அந்தக் காசுக்கு நாலு டயரையும் ஒரு தடவ நல்லா பேலன்ஸ் பண்ணிக்கிட்டு மிச்சத்த வீட்டுல வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். நகரத்துக்குள் சுற்றுகிறவர்களுக்கு அது போதும். கழுதைக்குக் கடிவாளம் எதற்கு.

சின்ன ஸ்டெப்னியால் மைலேஜ் கூடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தச் சில கிலோ எடைக் குறைவு உங்கள் பெட்ரோல் செலவில் தெரியாது. அதனால் வருகிற நிஜ லாபம் டிக்கி இடம். சிஎன்ஜி சிலிண்டர் உட்கார்ந்த டிக்கி என்றால் அந்த லாபம் பெரிது. ஆனால் அந்த வண்டிக்காரர்கள் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: பெட்டி படுக்கை எல்லாம் வைத்த பிறகு ஸ்டெப்னியை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? மஞ்சள் போர்டு வண்டியை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகும்போதும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

முழு சைஸுக்கு மாற்றுவதானால்

டயர் வாங்குமுன் டேப் எடுத்துக் குழியை அளந்துவிடுங்கள். விட்டம், ஆழம் இரண்டும். குட்டிக்கென்று வார்த்த குழியில் முழு டயர் விட்டத்தில் இறங்கினாலும் ஆழத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். மேல்தட்டு சில சென்டிமீட்டர் தூக்கிவிடும். தட்டு தூக்குவது ஒரு குற்றமில்லை, ஓரத்தில் தெர்மகோல் வைத்துச் சமன் செய்துகொள்ளலாம். நடுவில் இருக்கிற பிடிப்பு போல்ட் எட்டாமல் போவதுதான் கவனிக்க வேண்டியது. டயரைப் பிடிப்பில்லாமல் சும்மா போட்டு வைக்காதீர்கள். வண்டி எங்காவது மோதினால் அந்தப் பாரம் பின் சீட்டைத்தான் நோக்கி வரும். நீளமான போல்ட் வாங்கி முறுக்குங்கள்.

சிலருக்குக் குழியில் முழு சைஸ் இறங்கவே இறங்காது. அவர்கள் குட்டியோடே இருக்க வேண்டியதுதான். அவர்களும் இன்னொன்றை யோசிக்க வேண்டும்: குட்டியை மாட்டிய பிறகு கழற்றிய பெரிய டயர் எங்கே போகும்? குழிக்குள் இறங்காது. டிக்கியில் சாமான் இருந்தால் பின் சீட்டில் மடியில்தான். ஒரு பழைய சாக்கை மடித்து டிக்கியில் போட்டு வையுங்கள். சேறும் கரியும் உள்ள டயரைச் சீட்டில் வைக்க நேர்ந்தால் அதற்கு ஆகும்.

பழைய இரும்புக் கடையில் டிஸ்க் வாங்குகிறவர்கள் போல்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நான்கு போல்ட் என்றாலும் துளைகளின் வட்டம் 100 மில்லிமீட்டரா வேறா என்று பார்க்க வேண்டும். நடுத் துளை, சக்கரம் மாட்டுகிற ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஒரு அங்குலம் சின்ன டிஸ்க் என்றால் முன் பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்பதும் உண்டு; பின்னால் சேர்கிற டிஸ்க் முன்னால் சேராமல் போகும். கடையில் வைத்தே முன்னால் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வெளி அலாய் மாட்டியவர்களுக்கு நட் தகராறு. அலாய்க்கு வந்த நட்டின் அடிவாய் வேறு வடிவத்தில் இருக்கலாம்; இரும்பு டிஸ்க்கில் அது சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும். வண்டியோடு வந்த பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக் குழியிலேயே வைத்துவிடுங்கள்.

எதை வைத்தாலும் செய்ய வேண்டியவை

டயர் மாற்ற வந்தவர்களிடம் ஸ்டெப்னி எப்படி இருக்கிறது என்று கேட்டால் அடிக்கடி வருகிற பதில், "கிடக்கு அண்ணாச்சி, காத்துதான் இருக்கான்னு தெரியல." சின்னதா பெரிசா என்று ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. பங்க்கில் காற்றுப் பிடிக்கும்போது மாதம் ஒரு தடவை ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள். முழு சைஸுக்கு மற்றவற்றைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூட வைத்துவிட்டால், மாட்டும்போது குறைத்துக்கொள்ளலாம். குட்டி என்றால் 60 என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பையன் நாலு டயருக்கும் வைத்த 33ஐயே இதற்கும் வைத்துவிடுவான். 33ல் அந்த ஒல்லி டயர் வண்டிப் பாரத்தில் நசுங்கிச் சூடேறி வழியிலேயே கிழியும். காற்று மாசாமாசம் குறைகிறதென்றால் வால்வு மூடியைக் கழற்றிச் சோப்பு நுரையைத் தொட்டு வையுங்கள். நுரை நடுவில் ஊசிமுனை அளவு குமிழ் ஒன்று மெதுவாகப் பொங்கி உடைந்து மறுபடி பொங்கினால் வால்வு பின் போயிருக்கிறது. சில ரூபாய் வேலை.

வயதையும் பாருங்கள். டயர் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35வது வாரம் செய்தது. பட்டன் புத்தம் புதுசாக இருந்தாலும் நம் ஊர் வெயிலில் மூடிய டிக்கிக்குள் கிடக்கிற ரப்பர் இறுகிப்போகும். ஆறு வருடம் ஆனால் சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால் பார்க்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஓடுகிற டயருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் சட்டப்படி குறைந்தபட்சம். நாலு டயரில் தேய்ந்துபோனதை ஸ்டெப்னிக்கு ஒதுக்கி வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. மொட்டை டயரை அங்கே வைத்தால் மழைநாளில் அதுவே அடுத்த சிக்கல்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வண்டி வைத்திருப்பவர்களும், பழைய வண்டி வாங்குகிறவர்களும் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அடிக்குழியைப் பாருங்கள். மேலே தட்டும் கார்ப்பெட்டும் பளபளவென்று இருக்கும். கீழே சேறு காய்ந்து, பிடிப்பு போல்ட் துருவேறி அசையாமல் நிற்கும். நடுரோட்டில் அதைக் கழற்ற முடியாது. கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் போதும்.

மாற்றுகிற முறை வண்டிப் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது, அதைத் திரும்ப எழுதவில்லை. நம் மண்ணுக்கு இரண்டு மட்டும். தேரிப் பக்கம் ஜாக்கியை நேராக மணலில் வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் இறங்கும். ஒரு ஜாண் அளவு பலகை டிக்கியில் கிடக்கட்டும். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்குங்கள். இரும்பு டிஸ்க்கை அலாய் இருந்த இடத்தில் மாட்டியபோது இது கட்டாயம்.

கடைசியாக வீல் ஸ்பேனர். வண்டியோடு வந்த ஸ்பேனர் கம்பெனி நட்டுக்கு, அது வண்டியைப் பொறுத்து 19 மில்லிமீட்டராகவோ 21 ஆகவோ இருக்கும். பிற்பாடு மாட்டிய அலாயின் நட் 17 ஆக இருந்தால் அந்த ஸ்பேனர் சுற்றிக்கொண்டே இருக்கும், நட் அசையாது. அலாய் மாட்டிய கடையிலேயே அதற்கான ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது உங்கள் கையால் தளர்த்தி முறுக்கிப் பார்த்துவிடுங்கள். மெஷினில் அடித்து முறுக்கிய நட் கை ஸ்பேனருக்கு அசையவில்லையென்றால் அங்கேயே சொல்லித் தளர்த்தி, கையால் முறுக்கித் தரச் சொல்லுங்கள்.